போன மெஜாரிட்டி திரும்ப வருமா?

"போனா வராது, பொழுது போனா கிடைக்காது!" என்று சந்தையில் கூவிக் கூவி விற்பார்கள். ஆனால் தமிழ்நாட்டு அரசியலில் இந்தக் கூவல் செல்லாது. இங்கே போனது திரும்பி வரும். இன்று தோற்று வீட்டுக்குப் போகிற கட்சி, ஐந்து வருஷம் கழித்து மாலையும் மேளமுமாகக் கோட்டைக்குள் நுழையும். தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் மாறி மாறி ஆண்டதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் ஒரே ஒரு கட்சிக்கு மட்டும் அந்தச் சந்தைக் கூவல் அப்படியே பலித்துவிட்டது. 1967-ல் சட்டமன்றத்தில் மெஜாரிட்டியை இழந்தது. அதற்குப் பிறகு 1971 முதல் 2021 வரை பன்னிரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. ஒன்றில்கூட அது திரும்பவில்லை. அதுதான் காங்கிரஸ். ராஜாஜியும் காமராஜரும் பக்தவத்சலமும் முதலமைச்சர்களாக இருந்து நடத்திய கட்சி.

ஏன் திரும்பவில்லை? டீக்கடை பெஞ்சில் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "ஜனங்க மாறிட்டாங்கப்பா" என்பார் ஒருவர். "காமராஜரோட எல்லாம் போச்சு" என்பார் இன்னொருவர். "சினிமாக்காரங்க வந்தப்புறம் யார் நிக்க முடியும்?" என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நண்பர்களே, நாம் டிப்ளமோ படிப்பவர்கள். மீட்டரைப் பார்க்காமல் வோல்டேஜ் சொல்லக்கூடாது என்றுதான் நமக்கு லேபில் சொல்லித் தருகிறார்கள். அரசியலுக்கும் ஒரு மீட்டர் இருக்கிறது. தேர்தல் கணக்குதான் அது. அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கிற கட்டுரை அல்ல. 2021 சட்டமன்றத் தேர்தல் வரையிலான கணக்கை வைத்துக்கொண்டு, இழந்த மெஜாரிட்டி எப்படித் திரும்புகிறது, எப்போது திரும்பாமல் போகிறது என்று பார்க்கிற முயற்சி, அவ்வளவுதான்.

118 என்கிற எண்

தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 தொகுதிகள். அதில் சரிபாதி 117. பாதிக்கு மேல் ஒன்று வேண்டும், ஆகவே 118. முதலமைச்சரை ஆளுநர் நியமிக்கிறார் என்று அரசியல் சட்டம் சொன்னாலும், அமைச்சரவை சட்டமன்றத்துக்குத்தான் பொறுப்பு. சபையின் நம்பிக்கை போனால் நாற்காலியும் போகும். மெஜாரிட்டி இருக்கிறதா இல்லையா என்பதை ராஜ்பவனில் அல்ல, சபையில் ஓட்டெடுத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று 1994-ல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, மெஜாரிட்டி இல்லாத கட்சி 118-ஐ எட்ட எத்தனை வழி உண்டு? மூன்று வழி. ஒன்று, தேர்தல் முடிந்தபிறகு சபைக்குள்ளேயே ஆள் சேர்ப்பது. இரண்டு, கூட்டணி அமைத்து ஜெயிப்பது. மூன்று, தனியாக நின்று ஜெயிப்பது. காங்கிரஸ் இந்த மூன்றையும் செய்து பார்த்த கட்சி என்பதுதான் இதில் விசேஷம்.

முதல் வழி: 1952

1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சென்னை ராஜ்யச் சட்டசபைக்கு 375 இடங்கள். ஆந்திரப் பகுதியும் மலபாரும் அப்போது நம்மோடு சேர்ந்திருந்தன. காங்கிரசுக்குக் கிடைத்தது 152. மெஜாரிட்டிக்கு 188 வேண்டும். சுதந்திரம் வாங்கி ஐந்தே வருஷத்தில் சென்னையில் காங்கிரஸ் மெஜாரிட்டியை இழந்து நின்றது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அப்போது ராஜாஜியை அழைத்து வந்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. மேலவைக்கு நியமன உறுப்பினராக வந்து முதலமைச்சரானார். மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி ஆதரவு தந்தது. அவர் மந்திரியும் ஆனார். சுயேச்சைகள் சிலரும் சிறு கட்சிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். சில மாதங்களில் சபையில் நம்பிக்கை ஓட்டெடுப்பில் ஜெயித்தார் ராஜாஜி. போன மெஜாரிட்டி தேர்தல் இல்லாமலே திரும்பிவிட்டது!

இன்று அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்றிருந்த சந்தையும் 2003-ல் வந்த 91-வது திருத்தத்தில் மூடப்பட்டது. ஒரு கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இன்னொரு கட்சியோடு இணைந்தால்தான் பதவி தப்பும். ஆகவே மற்ற இரண்டு வழிகளைத்தான் நாம் அலச வேண்டும். அதற்குமுன் ஒரு சின்னக் கணக்கு.

ஓட்டு வேறு, சீட்டு வேறு

ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் என்று மூன்று துறைகள். துறைக்கு 100 பேர். துறைக்கு ஒரு பிரதிநிதி. சிவப்பு அணி, நீல அணி என்று இரண்டு அணிகள் போட்டியிடுகின்றன. மெக்கானிக்கலில் சிவப்புக்கு 90, நீலத்துக்கு 10. சிவிலில் சிவப்புக்கு 40, நீலத்துக்கு 60. எலெக்ட்ரிக்கலிலும் அதே 40, 60.

மொத்தம் கூட்டிப் பாருங்கள். சிவப்புக்கு 170 ஓட்டு, நீலத்துக்கு 130. ஆனால் பிரதிநிதிகள்? சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு. "என்னய்யா அநியாயம் இது!" என்று சிவப்பு அணி கத்தினாலும் விதி அதுதான். ஒவ்வொரு தொகுதியிலும் முந்தியவருக்கே முழுப் பரிசு. இரண்டாவதாக வந்தவருக்குக் கையில் ஒன்றுமில்லை. எத்தனை ஓட்டு வாங்கினோம் என்பதைவிட, அந்த ஓட்டு எங்கே இருக்கிறது, எதிரியின் ஓட்டு ஒன்றாக நிற்கிறதா, உடைந்து கிடக்கிறதா என்பதுதான் பெரிது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1967-க்குப் போவோம்.

1967: 41 சதவீதத்தோடு ஒரு தோல்வி

1962-ல் காங்கிரஸ் 46 சதவீத ஓட்டு வாங்கி, 206 இடங்களில் 139-ஐப் பிடித்தது. 1967-ல் 41 சதவீதம். ஐந்து சதவீதம்தான் குறைந்தது. ஆனால் சீட் 51-ஆகச் சரிந்தது. தி.மு.க. வாங்கியது 40.7 சதவீதம், அதாவது காங்கிரசைவிட ஒரு இழை குறைவுதான். சீட்டோ 137!

காரணம் நம் மூன்று துறைக் கணக்குதான். காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது. தி.மு.க. 174 இடங்களில் மட்டும் நின்று, மற்றதை ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் முதலிய தோழமைக் கட்சிகளுக்கு விட்டது. அதுவரை சிதறிக் கிடந்த எதிர்ப்பு ஓட்டுகள் ஒரே பெட்டியில் விழுந்தன. அரிசிப் பஞ்சமும், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயமும், எம்.ஜி.ஆர். சுடப்பட்டதால் எழுந்த அனுதாபமும் சேர்ந்துகொண்டன.

விருதுநகரில் காமராஜரே தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன், மாணவர் போராட்டத்திலிருந்து வந்த இளைஞர். வித்தியாசம் 1,285 ஓட்டு. இதைப் படித்ததும் நமக்குப் பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது. அதை விடுங்கள், விஷயத்துக்கு வருவோம்.

ஒரு சந்தேகம் வரவேண்டும் இங்கே. நூற்றுக்கு 41 பேர் கூடவே இருக்கிற கட்சி எப்படிச் செத்துப்போகும்? 41 சதவீதம் என்பது சாதாரணமா? 2001-ல் அ.தி.மு.க. 31 சதவீதத்தில் ஆட்சி பிடித்தது. 2021-ல் தி.மு.க. பிடித்தது 38 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஓட்டில். அதாவது 1967-ல் தோற்ற காங்கிரஸ், பின்னாளில் ஜெயித்த பல கட்சிகளைவிட அதிக ஓட்டு வைத்திருந்தது. ஆகவே "ஜனங்க கைவிட்டுட்டாங்க" என்ற பதில் 1967-க்குப் போதாது. கதை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

1971: கைவிட்டது யார்?

1969-ல் காங்கிரஸ் டெல்லியில் இரண்டாக உடைந்தது. இந்திரா காந்தி ஒரு பக்கம், காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரஸ் இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் கட்சியின் பெரும்பகுதி காமராஜரோடு நின்றது. 1971-ல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்து தேர்தல் வந்தபோது, இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தது. விலை என்ன தெரியுமா? நாடாளுமன்றத்தில் சில தொகுதிகள் கிடைத்தன; சட்டமன்றத்தில் ஒரு தொகுதிகூட இல்லை. 234-லும் போட்டியிடாமல் ஒதுங்கிக்கொண்டது இந்திரா காங்கிரஸ்.

காமராஜர் தரப்பு சுமார் 35 சதவீத ஓட்டு வாங்கியது. சீட் 15. தி.மு.க. 184.

அடுத்து 1977-ஐப் பாருங்கள். அதற்குள் காமராஜர் காலமாகிவிட்டார். எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கிவிட்டார். திராவிட ஓட்டு இரண்டாக உடைந்து கிடந்த நேரம். நாலுமுனைப் போட்டி. அ.தி.மு.க. 30.4 சதவீதம், 130 சீட். தி.மு.க. 24.9 சதவீதம், 48 சீட். காங்கிரஸ் 17.5 சதவீதம், 27 சீட். பழைய ஸ்தாபன காங்கிரசாரில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்திருந்த ஜனதா 16.7 சதவீதம், 10 சீட்.

கடைசி இரண்டையும் கூட்டுங்கள். 34 சதவீதம் வருகிறது! ஜெயித்தவர் வாங்கியதோ 30. இரண்டும் ஒன்றாக நின்றிருந்தால் அப்படியே ஜெயித்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டு என்பது வாளித் தண்ணீர் அல்ல, ஒன்றிலிருந்து இன்னொன்றில் ஊற்றுவதற்கு. ஆனால் எதிரிகள் உடைந்து நின்ற ஒரே நல்ல சமயத்தில் தானும் உடைந்து நின்றது அந்தப் பழைய காங்கிரஸ் ஓட்டு. அதுபோல் ஒரு வாய்ப்பு 2021 வரை மறுபடி வரவில்லை.

இரண்டாம் வழி: கூட்டணி

1980-ல் காங்கிரசும் தி.மு.க.வும் சேர்ந்தன. ஜனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் 39-க்கு 37 இடம். அடேயப்பா என்று எல்லோரும் வாய் பிளந்தார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டு மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. இரு கட்சிகளும் தொகுதிகளை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அங்கேதான் கணக்கு இடித்தது. சரிபாதி என்றாலே 117 தானே? எல்லாவற்றிலும் ஜெயித்தால்கூட இருவரில் எவருக்கும் தனி மெஜாரிட்டி வராது! ஜனங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. அ.தி.மு.க. 129 இடம் பிடித்துத் திரும்பியது. தி.மு.க. அந்தப் பாடத்தை மறக்கவில்லை. அதன்பின் 2021 வரை 118-க்குக் கீழே அது போட்டியிட்டதே இல்லை.

1984-ல் காங்கிரஸ் எம்.ஜி.ஆரோடு சேர்ந்தது. அப்போதைய பங்கீட்டை 'எம்.ஜி.ஆர். ஃபார்முலா' என்று இன்றும் சொல்கிறார்கள். நாடாளுமன்றத்தில் காங்கிரசுக்கு மூன்றில் இரண்டு, அ.தி.மு.க.வுக்கு ஒன்று. சட்டமன்றத்தில் தலைகீழ். நல்ல பேரம்தான், இரு தரப்புக்கும் லாபம். காங்கிரசுக்கு டெல்லிக்கு 25 எம்.பி.க்கள், சென்னைக்கு அறுபதுக்கு மேல் எம்.எல்.ஏ.க்கள். ஆனால் பாருங்கள், 234-ல் மூன்றில் ஒரு பங்கு 78. அத்தனையும் ஜெயித்தாலும் 118-க்கு இன்னும் 40 குறையும். தேர்தல் நடக்கும் முன்பே, வேட்புமனு கொடுத்த அன்றே, "நாங்கள் ஆட்சிக்கு வரமாட்டோம்" என்று எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? அகில இந்தியத் தலைமைக்கு டெல்லியில் மெஜாரிட்டி முக்கியம். அதற்கு எம்.பி.க்கள் வேண்டும். கோட்டையில் யார் உட்கார்ந்தால் என்ன? டெல்லிக் கணக்கில் இது சரியான விடை. சென்னைக் கணக்கில் தவறான விடை. 1971-லிருந்து ஒவ்வொரு முறையும் சட்டமன்றத் தொகுதிகளைக் கொடுத்து நாடாளுமன்றத் தொகுதிகளை வாங்கினார்கள். விதைநெல்லை விற்று அரிசி வாங்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

விதைநெல் என்று ஏன் சொல்கிறேன்? ஒரு கட்சி போட்டியிடாத தொகுதியில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். அங்கே அந்தக் கட்சிக்கு வேட்பாளர் இல்லை. பூத்தில் உட்காரும் ஏஜென்ட் இல்லை. சுவரில் சின்னம் இல்லை. தொண்டன் அடுத்த கட்சியின் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக நடக்கிறான். இரண்டு தேர்தல் தொடர்ந்து இரட்டை இலைக்கோ உதயசூரியனுக்கோ முத்திரை குத்திய விரல், மூன்றாவது தேர்தலில் திரும்பி வருவது சுலபமா? அந்த ஊரில் பதினெட்டு இருபது வயசில் அரசியலுக்கு வர ஆசைப்படுகிற பையன், சீட் கிடைக்காத கட்சியில் எதற்குச் சேரப்போகிறான்?

மூன்றாம் வழி: தனியே

1989-ல் காங்கிரஸ் துணிந்து தனியாக நின்றது. எம்.ஜி.ஆர். மறைந்து, அ.தி.மு.க. ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று உடைந்திருந்த சமயம். மூப்பனார் தலைமையில் கட்சி களம் இறங்கியது. ராஜீவ் காந்தியே பலமுறை வந்து பிரசாரம் செய்தார். கிடைத்தது ஏறக்குறைய 20 சதவீத ஓட்டும், 26 இடமும்.

இதே தேர்தலில் தி.மு.க.வின் கணக்கைப் பாருங்கள், வியந்துபோவீர்கள். 1984-ல் 29 சதவீதம், 24 சீட். 1989-ல் 33 சதவீதம், சுமார் 150 சீட்! நாலே சதவீதம்தான் கூடியது. எதிரி ஓட்டு உடைந்ததும் சீட் ஆறு மடங்கானது. பதின்மூன்று வருஷம் ஆட்சிக்கு வெளியே இருந்தபோதும் தி.மு.க. களத்தை விட்டு நகரவில்லை. அதனால் கதவு திறந்தபோது வாசலில் நின்றிருந்தது.

காங்கிரஸ் 20 சதவீதத்தோடு "இது தோல்வி" என்று முடிவு கட்டியது. 1991-ல் அ.தி.மு.க. கூட்டணியில் மீண்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடங்களுக்குத் திரும்பிப் போனது. அன்றைக்கு 60 எம்.எல்.ஏ.க்கள் கிடைத்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் 1989-க்குப் பிறகு 2021 வரை எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் காங்கிரஸ் 118 தொகுதிகளில் போட்டியிடவே இல்லை. 2006-ல் 48. 2011-ல் 63. 2016-ல் 41. 2021-ல் 25.

இரண்டிலிருந்தும் நாலிலிருந்தும் வந்தவர்கள்

இப்போது ஒரு ஒப்பீடு. 1991-ல் தி.மு.க. வாங்கியது 22 சதவீத ஓட்டு, 2 சீட். 1996-ல் அ.தி.மு.க. வாங்கியது 21 சதவீத ஓட்டு, 4 சீட். பர்கூரில் முதலமைச்சர் ஜெயலலிதாவே தோற்றார். 1989-ல் காங்கிரஸ் வாங்கியது 20 சதவீத ஓட்டு, 26 சீட். மூன்று நோயாளிகளை ஒரே வார்டில் படுக்க வைத்தால், சீட் கணக்கில் காங்கிரஸ்தான் கொஞ்சம் தெம்பாக இருந்தது!

ஆனால் தி.மு.க. ஐந்தே வருஷத்தில், 1996-ல், 173 இடத்தோடு எழுந்து உட்கார்ந்தது. அ.தி.மு.க.வும் ஐந்தே வருஷத்தில், 2001-ல், 132 இடத்தோடு திரும்பியது. இருவருமே கூட்டணிதான் வைத்தார்கள். தி.மு.க. த.மா.கா.வோடு சேர்ந்தது, அ.தி.மு.க. த.மா.கா., காங்கிரஸ், பா.ம.க., இடதுசாரிகளோடு சேர்ந்தது. ஆளும் கட்சி மேலிருந்த கோபமும் உதவியது. ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் கறாராக இருந்தார்கள். 118-க்கு மேலேயே தாங்கள் நின்றார்கள். மிச்சத்தைத்தான் பங்கு போட்டார்கள். 2001-ல் அ.தி.மு.க. தாராளமாக விட்டுக் கொடுத்தும்கூட 141 தொகுதிகளில் தானே நின்றது. கூட்டணிக்குத் தலைவனாக இருப்பதும் கூட்டணியில் ஒருவனாக இருப்பதும் ஒன்றல்ல.

காங்கிரசின் துரதிருஷ்டம், 1996-ல் அது இன்னொருமுறை உடைந்தது. அ.தி.மு.க. கூட்டணியை எதிர்த்து மூப்பனார் வெளியேறி த.மா.கா.வைத் தொடங்கினார். த.மா.கா. 39 இடம், காங்கிரசுக்குப் பூஜ்யம். 2002-ல் த.மா.கா. திரும்பவும் தாய்க் கட்சியில் இணைந்தபோது, இரண்டு பக்கமும் களைத்துப் போயிருந்தன.

மற்ற மாநிலங்களில்?

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய விதியா? இல்லை. கர்நாடகத்தில் 2018-ல் 80 இடத்தோடு மெஜாரிட்டியை இழந்த காங்கிரஸ், 2023-ல் 224-க்கு 135 இடத்தோடு திரும்பியது. தோற்றபோதும் அங்கே அது பெரிய கட்சிகளில் ஒன்றாகவே நின்றது. ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் ஆள் நிறுத்தியது. தெலுங்கானாவில் 2018-ல் 19 இடம். 2023-ல் 119-க்கு 64.

உத்தரப் பிரதேசம் வேறு கதை. 1989-ல் அங்கே ஆட்சியை இழந்தது. 1996-ல் பகுஜன் சமாஜ் கட்சியோடு கூட்டு வைத்து, நானூற்றுச் சொச்சம் தொகுதிகளில் சுமார் 300-ஐ விட்டுக் கொடுத்தது. 2022-ல் அங்கே காங்கிரசுக்குக் கிடைத்தது 403-ல் இரண்டே இரண்டு. களத்தில் நின்ற இடத்தில் திரும்பி வந்தார்கள். களத்தை விட்டுக் கொடுத்த இடத்தில் வரவில்லை.

இனி வருமா?

அப்படியானால் காங்கிரஸ் நாளைக்கே கூட்டணியை உதறிவிட்டு 234-லும் நின்றால் போதுமா? அவ்வளவு சுலபமில்லை. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் அது தமிழ்நாட்டில் தனியாக நின்று பார்த்தது. சுமார் நாலு சதவீத ஓட்டு, சீட் ஒன்றும் இல்லை. கூட்டணியில் நின்றபோதோ 2021-ல் 25-க்கு 18 இடம், 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் நின்ற 9 இடத்திலும் வெற்றி. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எந்தத் தலைவர் தனியே போகத் துணிவார்?

சிவில் நண்பர்களுக்கு இது உடனே புரியும். ஸ்லாப் போடும்முன்பே கீழே சென்ட்ரிங் அடித்து முட்டுக் கொடுக்கிறோம். கான்கிரீட் இறுகும்வரை முட்டு வேண்டும். நாள் கணக்குப் பார்த்து, க்யூரிங் செய்து, பிறகு முட்டை எடுக்கிறோம். அவசரப்பட்டு எடுத்தால் ஸ்லாப் விழும். சரி, எடுக்கவே இல்லை என்றால்? ஸ்லாப் நிற்கிற மாதிரி தெரியும். ஆனால் நிற்பது ஸ்லாபா, முட்டா என்று யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பல வருஷமாக முட்டு எடுக்காத கட்டடம். உள்ளே க்யூரிங் நடந்ததா என்பதுதான் கேள்வி.

க்யூரிங் என்றால் என்ன? பேரூராட்சி, நகராட்சி, ஒன்றிய வார்டுகளில் தன் சின்னத்தில் ஆள் நிறுத்துவது. கூட்டணியில் கிடைக்காத தொகுதியிலும் பூத் கமிட்டி வைத்திருப்பது. ஒன்றிரண்டு தேர்தல் தோற்றாலும் பரவாயில்லை என்று மூன்றாவது தேர்தலுக்கு வேலை செய்வது. எதிர் ஓட்டு உடைகிற சமயம் தமிழ்நாட்டில் அவ்வப்போது வருகிறது. 1977-ல் வந்தது, 1989-ல் வந்தது. அது வரும்போது 118 தொகுதிகளிலாவது சொந்தக் காலில் நிற்கிறவனுக்குத்தான் அது பயன்படும். 25 தொகுதியில் நிற்கிறவனுக்கு அலை அடித்தாலும் 25 தான்.

என் முடிவு இதுதான். காங்கிரஸ் தமிழ்நாட்டில் மெஜாரிட்டியை இழந்தது 1967-ல். அதைத் திரும்பப் பெறும் வழியை இழந்தது அதற்குப் பிறகு, 1971-லும் 1980-லும் 1984-லும், தொகுதிப் பங்கீட்டு மேஜையில். முதலாவதை ஜனங்கள் எடுத்தார்கள். இரண்டாவதைக் கட்சியே கொடுத்தது. ஜனங்கள் எடுத்ததை ஜனங்களே திருப்பிக் கொடுப்பார்கள், தி.மு.க.வுக்கும் அ.தி.மு.க.வுக்கும் கொடுத்திருக்கிறார்கள். தானே கொடுத்ததைத் தானேதான் மீட்க வேண்டும். அதற்கு ஒரு தேர்தல் போதாது. ஒரு தலைமுறை வேலை வேண்டும்.

இது காங்கிரசுக்கு மட்டும் சொல்லப்பட்ட புத்தி அல்ல. எந்தக் கட்சி தன் களத்தைச் சுருக்கிக்கொண்டே போகிறதோ, அந்தக் கட்சிக்கும் இதே கதிதான்.

நமக்கென்ன?

"நமக்கென்னப்பா, எவன் வந்தா என்ன?" என்று கேட்காதீர்கள். 1965-ல் தெருவில் இறங்கிய மாணவர்களில் பலருக்கு ஓட்டுரிமையே கிடையாது. அன்று 21 வயசு ஆக வேண்டும். 1989-ல் அமலுக்கு வந்த 61-வது திருத்தத்தால்தான் 18 வயசுக்காரருக்கு ஓட்டு வந்தது. இன்று நம் மூன்றாமாண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலோர் வாக்காளர்கள். ஓட்டு இல்லாமலே அவர்கள் ஒரு ஆட்சியை அசைத்தார்கள். ஓட்டு இருந்தும் நாம் பட்டியலில் பேர் சேர்க்காமல் சோம்பிக் கிடந்தால், அதுவும் களத்தை விட்டுக் கொடுத்த மாதிரிதான்.

ஒரு தொகுதியில் ஒரு கட்சி நிற்காவிட்டால் நஷ்டம் அந்தக் கட்சிக்கு மட்டும் இல்லை. நமக்கு முன்னால் இருக்கிற தேர்வில் ஒன்று குறைகிறது. நமக்குத் தெரிந்த ஒருவன் வேட்பாளராகும் வாய்ப்பு ஒன்று குறைகிறது. பரீட்சையில் 'ஏதேனும் ஐந்துக்கு விடையளி' என்று எட்டுக் கேள்வி கேட்டால்தானே நமக்கு நிம்மதி? ஆகவே எந்தக் கட்சியில் இருந்தாலும் சரி, எதிலும் இல்லாவிட்டாலும் சரி, "நம் ஊரில் நம் ஆள் நிற்கிறானா?" என்று கேளுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பேர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நின்று தோற்றவன் திரும்பி வருவான். நிற்காதவன் தோற்கவும் மாட்டான், வரவும் மாட்டான். கட்சிக்கும் அதுதான், நமக்கும் அதுதான் நண்பர்களே!